களைப்பு எங்கட விதி இல்லை

(எமது சங்கத்தின் மாதர் பிரிவு ஒழுங்குசெய்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றிய சகோதரியின் பேச்சுநடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் வைத்தியர் அல்ல, தாதியும் அல்ல. ஊரில் உயர்தரம் வரை படித்தேன். 2013இல் சுவிசுக்கு வந்தேன். இங்கே ஒரு உணவுத் தொழிற்சாலையில் பொதி செய்யும் பகுதியில் வேலை செய்கிறேன். "நீர் என்ன தெரிஞ்சு வைத்தியம் பேசப்போறீர்?" என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். எனக்கு நடந்ததையும், அதுக்குப் பிறகு டொக்டர்மாரிட்டயும் தாதிமாரிட்டயும் கேட்டுக் கேட்டு அறிஞ்சதையும்தான் நான் சொல்ல வந்தனான். விஷயம் மாதவிடாய். அண்ணாமார் எழும்பிப் போகவேண்டாம். உங்களுக்கும் சொல்ல இருக்கு.

மூன்று நாலு வருஷமாய் எனக்கு ஒரே களைப்பு. விடிய 4 மணிக்கு எழும்பி, சமைச்சு வைச்சு, பிள்ளையளின்ர பைகளை அடுக்கி வைச்சு, முதல் பஸ்ஸைப் பிடிச்சுப் போற ஆளுக்குக் களைப்பு வராமல் என்ன செய்யும் எண்டுதான் நானும் நினைச்சன். இரண்டாம் மாடிக்கு ஏற மூச்சு வாங்கும். இரவு படுத்தால் நெஞ்சு படபடக்கும். தலைமயிர் கொத்துக் கொத்தாய்க் கொட்டிச்சுது. இன்னொண்டும் இருந்தது, வெட்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அரிசி கழுவப் போனால் ஒரு பிடி பச்சையரிசியை வாயில போட்டுக் கடிப்பன். ஐஸ்கட்டியும் அப்பிடித்தான். அதுவும் இரும்புச்சத்துக் குறைவின்ர ஒரு அடையாளம் எண்டு பிறகுதான் தெரிஞ்சது.

2023இல் குடும்ப வைத்தியரிட்டப் போனன். என்ர டொச் வேலைத்தலத்துக்குக் காணும், வைத்தியரிட்டக் கதைக்கக் காணாது. அதனால என்ர மகனைக் கூட்டிக்கொண்டு போனன். அவனுக்கு அப்ப 9 வயது. டொக்டர் ஏதோ கேட்டா. மகன் திரும்பி, "அம்மா, உங்கட விதி எப்பிடியெண்டு கேட்கிறா" எண்டான். நான் கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "நல்லம் எண்டு சொல்லு" எண்டன். அவ எழுதினா. களைப்புக்கு ஓய்வு எடுக்கச் சொன்னா. வீட்டுக்கு வந்திட்டம்.

டொச்சில 'ரேகல்' எண்டால் விதி, ஒழுங்கு. பள்ளிக்கூடத்தில விளையாட்டு விதி எண்டு பிள்ளை படிச்ச சொல் அதுதான். மாதவிடாய்க்கும் அதே சொல். பிள்ளையில பிழை இல்லை. 9 வயதுப் பிள்ளையை அந்தக் கதிரையில இருத்தினது என்ர பிழை. அந்த ஒரு சொல்லால எனக்கு ஒரு வருஷம் போச்சுது.

2024இல ஒருநாள் வேலையில நிண்ட நிலையில கண் இருட்டிக்கொண்டு வந்தது. முழிச்சுப் பார்க்க ஆஸ்பத்திரி. இரத்தம் சோதிச்சினம். ஹீமோகுளோபின் லீற்றருக்கு 82 கிராம். கர்ப்பமாய் இல்லாத பெண்ணுக்கு 120க்குக் குறைஞ்சால் இரத்தச்சோகை எண்டு உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கு. உடம்பில சேமிப்பாய் இருக்கிற இரும்பைக் காட்டுறது பெரிட்டின் எண்ட சோதனை. அது 15க்குக் குறைஞ்சால் சேமிப்பு முடிஞ்சுது எண்டு அர்த்தம். எனக்கு 4.

அங்க தொலைபேசியில ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடிச்சுத் தந்தினம். முகம் தெரியாத ஒரு அக்கா. டொக்டர் கேட்டதை அவ தமிழில கேட்டா: "தங்கச்சி, உங்களுக்கு மாதவிடாய் எத்தினை நாள்? ஒரு நாளைக்கு எத்தினை பாட் மாத்துவீங்கள்? கட்டி கட்டியாய்ப் போகுதா?" எனக்கு அழுகை வந்திட்டுது. 36 வயதில, முதல்முதலாய் ஒருத்தர் என்னட்ட அந்தக் கேள்வியைக் கேட்டது அண்டைக்குத்தான்.

இதை யோசிச்சுப் பாருங்கோ. நாங்கள் பெரியபிள்ளை ஆனதை ஊருக்கே சொன்னவை. பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி எண்டு வாயில தீத்தினவை. இஞ்சயும் மண்டபம் எடுத்து, வீடியோ பிடிச்சு, ஆயிரக்கணக்கில பிராங் செலவழிச்சுச் சாமத்திய வீடு செய்யிறம். செய்யவேண்டாம் எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனால் அந்த முதல் இரத்தத்தை ஊர் கூடிக் கொண்டாடிப்போட்டு, அடுத்த மாதத்தில இருந்து அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. "துடக்கு, கோயிலுக்கு வரமாட்டா" எண்டதோட கதை முடிஞ்சுது. எவ்வளவு போறது வழமை, எவ்வளவு போறது நோய் எண்டு அந்தப் பிள்ளைக்கு ஆர் சொன்னது?

இப்ப நான் சொல்லுறன். சாதாரணமாய் ஒரு மாதவிடாயில போற இரத்தம் 30 - 40 மில்லிலீற்றர். இரண்டு மூன்று மேசைக்கரண்டி. 80 மில்லிலீற்றருக்கு மேல போனால் அது அளவுக்கு மிஞ்சினது. ஒருத்தரும் அளந்து பார்க்கப்போறேல்லை. அதனால இந்த அடையாளங்களைப் பாருங்கோ: ஒண்டு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாட் நனைஞ்சு மாத்தவேண்டி வாறது. இரண்டு பாட் சேர்த்து வைக்கவேண்டி வாறது. இரவில மாத்த எழும்பவேண்டி வாறது. ஒரு பிராங் குத்தியைவிடப் பெரிய கட்டிகள் போறது. 7 நாளுக்கு மேல நீடிக்கிறது. உடுப்புப் பழுதாகிவிடும் எண்டு வெளியில போகப் பயப்பிடுறது. இதில ஒண்டு இருந்தாலும் "எனக்கு எப்பவும் இப்பிடித்தான்" எண்டு விடாதேங்கோ, டொக்டரிட்டச் சொல்லுங்கோ.

ஏன் களைக்குது எண்ட கணக்கையும் ஒருக்காப் பாருங்கோ. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கு. 80 மில்லிலீற்றர் போனால் 40 மில்லிகிராம் போகுது. எங்கட உடம்பு சாப்பாட்டில இருந்து ஒரு நாளைக்கு உறிஞ்சிறது ஒண்டு இரண்டு மில்லிகிராம்தான். மாதம் முழுக்கச் சேர்த்ததெல்லாம் ஒரு கிழமையில போகுது. பிறகு உடம்பு எதைக்கொண்டு ஓடும்? இது எனக்கு மட்டும் வந்த ஒண்டில்லை. உலகத்தில 15 தொடக்கம் 49 வயது வரையான பெண்களில 10 பேரில 3 பேருக்கு இரத்தச்சோகை இருக்கு.

எனக்குக் காரணம் கர்ப்பப்பையில வந்த தசைக்கட்டி. புற்றுநோய் இல்லை, கனபேருக்கு வாறதுதான். வேற ஆக்களுக்குத் தைரொயிட், சதைவளர்ச்சி, செப்பு லூப், இரத்தம் உறையாமல் எடுக்கிற மருந்து எண்டு காரணம் வேற வேறயாய் இருக்கும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளையின்ர கதையைத் தாயின்ர சம்மதத்தோட சொல்லுறன். 14 வயது. சாமத்திய வீடு செய்து ஒரு வருஷம். ஒவ்வொரு மாதமும் 10, 11 நாள் போகும். பள்ளிக்கூடத்தில பிள்ளை சோம்பல், உடற்பயிற்சிக்கு வாறாளில்லை எண்டு கடிதம் வந்தது. தாய் சொன்னா, "எங்கட பரம்பரையே அப்பிடித்தான். அம்மாவுக்கும் அப்பிடி, எனக்கும் அப்பிடி" எண்டு. அந்தப் பேச்சிலதான் நோயே இருந்தது. இரத்தம் உறையிறதில பரம்பரையாய் வாற ஒரு குறைபாடு. வொன் வில்லபிராண்ட் எண்டு பெயர். பிள்ளைக்குப் பல்லு மினுக்கினால் முரசில இரத்தம் வரும், மூக்கால வரும், தட்டுப்பட்டால் கண்டிப்போகும். இப்ப தாயும் மகளும் இரண்டு பேரும் வைத்தியத்தில. ஆகவே "எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் இப்பிடித்தான்" எண்டு வாயில வந்தால், அதையே டொக்டரிட்டப் போய்ச் சொல்லுங்கோ. அவைக்கு அது பெரிய துப்பு.

வைத்தியம் எண்டவுடன கர்ப்பப்பையை எடுத்துப்போடுவினம் எண்டு பயப்பிடாதேங்கோ. இரத்தப்போக்கைக் குறைக்கிற குளிசை இருக்கு. ஹோர்மோன் வைச்ச லூப் இருக்கு. கட்டிக்கு மட்டும் செய்யிற வைத்தியம் இருக்கு. ஆளுக்கும் வயதுக்கும் ஏற்றமாதிரி டொக்டர் சொல்லுவார். ஒண்டை மட்டும் நான் அழுத்திச் சொல்லுறன்: மாதவிடாய் நிண்டு ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் கண்டாலும், அல்லது உறவுக்குப் பிறகு இரத்தம் கண்டாலும், தாமதிக்காமல் பெண் நோய் வைத்தியரிட்டப் போங்கோ.

இனிச் சாப்பாடு. பீற்றூட் சிவப்பு, அதால இரத்தம் ஊறும் எண்டு நானும் கிலோக்கணக்கில சாப்பிட்டனான். நிறம்தான் சிவப்பு, இரும்பு அதில கொஞ்சம்தான். எங்கட ஆட்டிரத்த வறையும் ஈரலும் நல்ல சாமான். கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்கவேணும். இறைச்சியிலயும் மீனிலயும் இருக்கிற இரும்பு உடம்பில லேசாய்ச் சேரும். மரக்கறிக்காரர் பயறு, கடலை, பருப்பு, கீரை எடுக்கலாம், ஆனால் அதோட தேசிக்காய்ப் புளி, தோடம்பழம், குடைமிளகாய் ஏதாவது சேருங்கோ. அப்பதான் இரும்பு உறிஞ்சுப்படும். எங்கட பெரிய பிழை தேத்தண்ணி. சாப்பிட்ட கை காய முதல் தேத்தண்ணி குடிச்சால், சாப்பாட்டில இருந்த இரும்பை அது பிடிச்சு வைச்சிடும். ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடியுங்கோ. விரதம் பிடிக்கிற அக்காமார் பிடியுங்கோ, ஆனால் இரத்தச்சோகை இருந்தால் கௌரி விரதம் மாதிரி நீண்ட விரதத்துக்கு முதல் டொக்டரைக் கேளுங்கோ.

குறைஞ்சுபோன இரத்தத்தைச் சாப்பாட்டால மட்டும் ஏத்தேலாது. குளிசை தந்தால் போடுங்கோ. மலம் கறுப்பாய்ப் போகும், பயப்பிடாதேங்கோ. வயிறு ஏலாட்டில் நிப்பாட்டாமல் டொக்டரிட்டக் கேளுங்கோ, ஒன்றைவிட்டு ஒருநாள் போடச் சொல்லுவினம். தேத்தண்ணியோடயும் பாலோடயும் போடக்கூடாது. இரத்தம் சரிவந்த பிறகும் சேமிப்பு நிறைய இன்னும் சில மாதம் போடவேணும். சின்னப்பிள்ளையளின்ர கைக்கு எட்டாத இடத்தில வையுங்கோ, அவைக்கு அது நஞ்சு. எனக்குக் குளிசை காணாமல் ஊசியாலயும் ஏத்தினவை.

இனிக் காசு. நான் டொக்டரிட்டப் போகாததுக்கு வெட்கம் பாதி, பிரான்சீஸ் மீதி. மாதக் கட்டணம் குறையும் எண்டு 2500 பிராங் பிரான்சீஸ் எடுத்து வைச்சிருந்தம். போனால் பில் எங்கட கையால எண்டு போகேல்லை. 2025இல வளர்ந்தவைக்கு இந்தத் தொகை 300 தொடக்கம் 2500 வரை இருந்தது. வருத்தம் இருக்கிற ஆளுக்கு 2500 மிச்சமில்லை, நட்டம். குறைக்க விரும்பினால் கார்த்திகை கடைசிக்கு முதல், நவம்பர் முடியுமுன்னம், காப்புறுதிக்குக் கடிதம் போய்ச் சேரவேணும். தை முதலாம் திகதி மாறும். வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்குக் கன்ரோன் மாதக் கட்டணத்தில உதவி செய்யுது. படிவம் நிரப்பத் தெரியாட்டில் சங்கத்துக்கு வாங்கோ, இருந்து நிரப்புவம்.

மொழிக்கு, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. தெர்மின் எடுக்கேக்கையே "எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும், பெண்ணாய் இருந்தால் நல்லம்" எண்டு சொல்லுங்கோ. அவை கேட்டதை வெளியில சொல்லக்கூடாது எண்டது அவையின்ர தொழில் விதி. ஆளில்லை எண்டால் நம்பிக்கையான ஒரு அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. போகமுதல் இரண்டு மாதத்துக்குக் கலண்டரில குறியுங்கோ: எப்ப தொடங்கினது, எத்தினை நாள், எத்தினை பாட். அந்தக் கடதாசிக்கு மொழி தேவையில்லை.

கடைசியாய் அண்ணாமாருக்கு. என்ர மனுசன் நல்லவர்தான். ஆனால் நான் களைச்சுப்போய் இருக்கேக்க, "உமக்கு எப்பவும் வருத்தம்தான்" எண்டு சொல்லுவார். ஆஸ்பத்திரியில அந்த 82ஐ டொக்டர் விளங்கப்படுத்தேக்க அவர் தலை குனிஞ்சு நிண்டதை நான் மறக்கேல்லை. இப்ப இரும்புக் குளிசையை நேரத்துக்கு எடுத்துத் தாறது அவர்தான். கடையில பாட் வாங்கிறதும் அவர்தான். உங்கட மனுசி படியில நிண்டு மூச்சு வாங்கினால் பகிடி பண்ணாதேங்கோ, தெர்மின் எடுத்துக் குடுங்கோ.

எனக்கு இப்ப 128. பச்சையரிசி ஆசை போயிட்டுது. இரண்டாம் மாடிக்கு நிக்காமல் ஏறுறன். என்ர மகளுக்கு 10 வயது. அவளுக்கு நேரம் வரேக்க மண்டபம் எடுக்கிறமோ இல்லையோ, ஒரு கலண்டரும் பென்சிலும் குடுத்து, எது வழமை எது நோய் எண்டு இருத்திவைச்சுச் சொல்லுவன்.

கேள்வி இருந்தால் தேத்தண்ணி நேரத்தில் வந்து கேளுங்கோ. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சு.