குழந்தையும் மலங்கழித்தலும்



ஆண்டு விழா மேடையில் பேசத்தக்க பொருளா இது என்று முகஞ்சுளிக்க வேண்டா. நாம் மருத்துவரல்லோம்; இரயில்வே குமாஸ்தா. எனினும், இதன்பொருட்டுக் கவலையுறாத தாய் நம் காலனியில் உண்டோ?

பிறந்த குழவி முதலிற் கழிப்பது, கருமை கலந்த பச்சை நிறத்தில் பிசின்போன்ற மலம். பாட்டிமார் இதனைக் காட்டுப்பீ என்பர். பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் வெளிப்படும். 48 மணி நேரமாகியும் வாராவிடில் மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும். இதனைக் கழிக்கத் துணைபுரிவது சீம்பால். அதனைப் பிழிந்து கொட்டும் வழக்கம் பெருந்தவறு.

முதற் சில வாரங்களில் பால் பருகுந்தோறும் மலங்கழிதல் இயல்பே; வயிறு நிறைந்ததும் பெருங்குடல் தானே இயங்கத் தொடங்குகிறது. ஒன்றரை மாதத்திற்குப்பின், தாய்ப்பால் மட்டும் உண்ணும் குழந்தை நான்கைந்து நாள் கழியாமலும் இருக்கலாம். மலம் இளகியிருந்து, குழந்தையும் நன்கு பால் குடித்தால் அது மலச்சிக்கலன்று. ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் யோசனைக்கு அஞ்சி விளக்கெண்ணெய் புகட்ட வேண்டா. வயிறு உப்புதல், பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், வெளுத்த மலம் இவை வேறு. உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டியவை.

மலவாயிலில் இரு தசை வளையங்கள் உள. உள்வளையம் தானே இயங்குவது. வெளிவளையமோ, நம் லெவல் கிராசிங் கேட்டைப்போல, ஆள் இருந்து திறந்து மூடவேண்டியது. அந்தக் கேட்மேன் பெரும்பாலும் 18 முதல் 24 மாதங்களுக்குள்தான் வேலைக்கு வருகிறான். அதற்கு முன் தாய் கால்நீட்டி அமர்ந்து, கால்மீது குழந்தையை இருத்துவது நல்ல பழக்கமே. ஆயினும் அங்கே நேரமறிந்தவள் தாய்தான், குழந்தையன்று.

நம் இளைய மகன் கதையையும் சொல்லிவிடுகிறோம். 5 வயதில், பள்ளிக் கழிப்பறையின் அழுக்குக்கு அஞ்சி அடக்கலானான். அடக்கிய மலம் நீர்வற்றி இறுகியது, இறுகியது வலித்தது, வலிக்கு அஞ்சி மேலும் அடக்கினான். மலக்குடல் விரிந்து உணர்ச்சி மழுங்கிற்று. இறுகிய கட்டியைச் சுற்றி நீர்த்த மலம் அவனறியாமலே கசிந்து காற்சட்டையை நனைத்தது. நாமோ சோம்பல் என்றெண்ணி அடித்தோம்; வயிற்றுப்போக்கென்று மருந்தும் வாங்கிக் கொடுத்தோம்! மருத்துவர் விளக்கியபோது நாணித் தலைகுனிந்தோம்.

மலமிளக்கும் மருந்தைப் பல மாதம் விடாது கொடுக்கச் சொன்னார். உணவுக்குப்பின் ஐந்து பத்து நிமிடம், வையாமல் அமர்த்தச் சொன்னார். குந்தி அமர்ந்தால் மலவழி நேராகும். மேல்நாட்டு இருக்கையாயின் கால் தொங்கலாகாது. ஆகவே பாதம் ஊன்ற ஒரு மரப்பலகை செய்தோம்.

இன்று அவனுக்கு 9 வயது. காலையில் தானே போய் வருகிறான். பலகை இப்போது அடுத்த குவார்ட்டர்ஸில் இருக்கிறது.