உப்புப் புட்டியின் பலூன்

(பாடாலூரில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வகுப்பறையில் வெற்றி பெற்ற செயல்பாடு ஒன்றைச் சொல்லும்படி கேட்டார்கள். நான் தவறிய ஒன்றைச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் நொதித்தலைக் காட்ட இரண்டு புட்டிகள் வைத்தேன். ஒவ்வொன்றிலும் 200 மி.லி. வெதுவெதுப்பான நீர், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட். ஒன்றில் மட்டும் கூடுதலாக ஒரு தேக்கரண்டி உப்பு. வாயில் பலூன் மாட்டினோம். பாடவேளை முடிவதற்குள் முதல் பலூன் நிமிர்ந்தது. உப்புப் புட்டியின் பலூன் தொங்கியபடியே இருந்தது. ‘உப்பில் ஈஸ்ட் இறந்துவிட்டது’ என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள்.

புட்டியைக் கழுவ வேண்டிய மாணவி மறந்துவிட்டாள். மறுநாள் காலை அந்தப் பலூனும் நிமிர்ந்து நின்றது. “சார், செத்துப்போனது எப்படி பலூன் ஊதும்?” என்றாள்.

விடை தேடிப் படித்தேன். மாங்காய்த் துண்டில் உப்பிட்டால் நீர் விடுகிறதல்லவா? ஈஸ்ட் செல்லும் அப்படியே நீரை இழந்து சுருங்குகிறது. உடனே ஹாக்1 என்னும் புரதம் உட்கருவுக்குள் செல்கிறது. ஜிபிடி1 என்னும் மரபணுவின் செயல் கூடுகிறது. அது தரும் நொதி, சிதையும் சர்க்கரையில் ஒரு பகுதியைக் கிளிசரால் தயாரிக்கத் திருப்பிவிடுகிறது. செல்லுக்குள் சேரும் கிளிசரால் நீரைத் தக்கவைக்கிறது. செல் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

ஈஸ்டின் முழு மரபணுத் தொகுதி 1996-இல் வெளியானது. அதில் சுமார் 6,000 மரபணுக்கள். இரண்டு புட்டிகளிலும் இருந்தது அதே ஈஸ்ட், அதே மரபணுக்கள். எது, எப்போது, எவ்வளவு வேலை செய்தது என்பதில்தான் வேறுபாடு. நானோ மரபணுவைத் தலையெழுத்துபோல நடத்தி வந்திருக்கிறேன்.

அன்றே கரும்பலகையில் ‘இறந்துவிட்டது’ என்பதை அடித்து, ‘தாமதமானது, ஏன்?’ என்று எழுதினேன். என் தவறையும் பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டேன்.

நீங்களும் செய்து பாருங்கள். பலூனின் சுற்றளவை நூலால் அரைமணிக்கு ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை அளக்கவும் மறக்க வேண்டாம்.

ஈஸ்டை வைத்துக் குழந்தையை அளக்க முடியாது. ஆனால் ‘படிப்பு இவன் ரத்தத்திலேயே இல்லை’ என்று சொல்ல மரபணுவைத் துணைக்கு அழைப்பதை நான் நிறுத்திவிட்டேன்.