ஊழியமும் கல்வியும்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் சங்கம் எந்த ஒரு மதத்தையும் சார்ந்ததன்று. ஆயினும் தாம்பரம், பெருங்களத்தூர், பல்லாவரம் வட்டாரங்களில் நம் இளைஞர் பலர் பெந்தெகொஸ்தே சபைகளில் ஊழியம் செய்கின்றனர். நம் தெருக்களில் நோயுற்றோர் வீட்டிற்கு முதலில் ஓடி வருபவர் பல வேளைகளில் அவர்களே. ஆகவே அவர்தம் கல்வி நம் சங்கத்தின் கவலையும் ஆகும்.

"ஆவியானவர் அழைத்தபின் படிப்பு எதற்கு?" என்று சிலர் கேட்கின்றனர். வரலாறே இதற்கு விடை கூறுகிறது. 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சார்லஸ் பர்ஹாம் என்பார் வேதாகமப் பள்ளி நடத்தினார். அங்கே பயில வந்த வில்லியம் சீமூர், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெற்றோரின் மகன். வெள்ளையரோடு ஒரே அறையில் அமர அவருக்கு இடமில்லை. கதவுக்கு வெளியே அமர்ந்து பாடம் கேட்டார். 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசுசா தெருவில் பெரும் எழுப்புதலை முன்நின்று நடத்தியவர் அவரே. பள்ளியில் கோணித் துணியில் தனியே அமர்ந்து பயின்ற அண்ணல் அம்பேத்கரை நாம் அறிவோம். வெளியே அமர்த்தப்பட்ட இவ்விருவரும் கல்வியை வேண்டாமென்று தள்ளினாரில்லை. நாம் தள்ளலாமா?

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கூடிய உலக மிஷனரி மாநாடு, இறையியல் கல்வியின் நலிவைப் பெருங்குறையாக எடுத்துரைத்தது. அருகே இரும்புலியூரில், இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனின் தலைமையிடம் உள்ளது. அங்கு ஊழியர்கள் விசுவாச வீட்டில் மூத்தோருடன் வாழ்ந்தே பயிற்சி பெறுகின்றனர். ஒழுக்கமும் உழைப்பும் அவ்வாறு பழகுவதை நாம் மதிக்கிறோம். எனினும் ஒழுக்கத்தோடு நூலறிவும் சேர வேண்டும்.

ஏனெனில் ஒன்று கூறுவோம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கே தந்தது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்துவர் இன்றும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். ஞானஸ்நானம் கொடுக்கும் போதகர் இதனை அறியாதிருந்தால், அக்குடும்பத்துப் பிள்ளை சாதிச் சான்றிதழுக்கு அலையும் நாளில் வழிகாட்டுவார் யார்?

கற்கும் வழிகள் உள்ளன. முழுநேரம் பயில்வோருக்கு 1818இல் தோன்றிய செராம்பூர்க் கல்லூரியின் மரபில் பட்டம் வழங்கும் கல்லூரிகள் கீழ்ப்பாக்கம் குருகுலத்திலும் மதுரை அரசரடியிலும் உள்ளன. தலித் இறையியலை வளர்த்த அரவிந்த் நிர்மல் குருகுலத்தில் பணியாற்றியவர். வேலையை விட இயலாதோர் வீட்டிலிருந்தே பாடம் படித்து, குழுவாகக் கூடி விவாதிக்கும் முறையை 1971 முதல் பெங்களூரிலிருந்து டாஃப்டி என்னும் அமைப்பு நடத்தி வருகிறது. பணம் கொடுத்து வாங்கும் 'டாக்டர்' பட்டம் மட்டும் வேண்டா. அது நம்மையும் நம் மக்களையும் ஏமாற்றுவதாகும்.

இளைஞர்களே! ஊழியத்திற்குச் செல்ல விரும்பினால் முதலில் மேல்நிலைக் கல்வியை முடியுங்கள். பெண்மக்களுக்கும் இதே வாய்ப்பைத் தாருங்கள். அன்று நம் முன்னோரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியவர் பிறர். இன்று கதவு திறந்திருக்க, நாமே வெளியே நிற்றல் தகுமோ?