ஒரு '2' சேர்ந்தா காடு, இல்லைன்னா ஏலத் தோட்டம்

விடியக்காலையில போடியில இருந்து மலையேறுற ஜீப்புகளைப் பார்த்திருப்பீங்க. ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போற பெண்கள் உள்ள நெருக்கியடிச்சு உட்கார்ந்திருப்பாங்க. போடிமெட்டைத் தாண்டினா கேரளா. பூப்பாறை சுத்துவட்டாரம் முழுக்க ஏலம்தான். அந்த மண்ணு காடா, தோட்டமா? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

1897-ல திருவிதாங்கூர் அரசு ஏலமலையைக் காப்புக் காடுன்னு அறிவிச்சது. எவ்வளவு பரப்பு? 15,720 ஏக்கர்தான்னு கேரள அரசு சொல்லுது. இல்ல, 2,15,720 ஏக்கர்னு சூழலியல் தரப்பு உச்ச நீதிமன்றத்துல வாதாடுது. முன்னாடி ஒரு '2' இருக்கா இல்லையா, அவ்வளவுதான் வித்தியாசம். நாங்க எழுதுற கோடுல ஒரு எண் மாறினா ஆப் நின்னு போகும். இங்க ரெண்டு லட்சம் ஏக்கரோட தலையெழுத்தே மாறுது. 2024 அக்டோபர்ல, வழக்கு முடியுற வரைக்கும் அங்க புதுசா பட்டா கொடுக்கக் கூடாதுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அதே மலையில மதிகெட்டான் சோலை இருக்கு. உள்ள போனா வழி தெரியாம மதி கெட்டுப்போகும்னு அந்தப் பேரு. அங்க காட்டை ஆக்கிரமிச்சு ஏலச்செடி வச்சவங்களை 2002-ல வெளியேத்தினாங்க. 2003-ல 12.82 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா ஆச்சு. சோலை பிழைச்சது, சந்தோஷம். ஆனா ஏறத்தாழ அதே சமயத்துல, பக்கத்துல சின்னக்கானல்ல யானை நடமாடுற இடத்துலயே நிலமில்லாத பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு நிலம் கொடுத்துச்சு. பேரு '301 காலனி'. யானைக்குப் பயந்து பல குடும்பங்கள் விட்டுட்டுப் போயிட்டாங்க. 2023-ல கம்பம் ஊருக்குள்ள வந்த அரிக்கொம்பனும் அந்தச் சின்னக்கானல் யானைதான்.

ஆக, ஒரு பக்கம் காலி பண்ணதும் அரசு, இன்னொரு பக்கம் குடியேத்தினதும் அரசு. ஏலமலையில மரத்துக்கு வனத்துறை, மண்ணுக்கு வருவாய்த்துறைன்னு ரெண்டு பொறுப்பு வேற.

நாளைக்குத் தீர்ப்பு எப்படி வந்தாலும் தோட்டக்காரர்கிட்ட வக்கீல் இருக்கார், பத்திரம் இருக்கு. ஜீப்புல போற கூலிக்காரம்மாவுக்கு அந்த மலையில ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. அதனால நஷ்டஈடு கணக்குலயும் அவங்க பேரு வராது. எல்லைக்கல் நடுறதுக்கு முன்னாடி, அந்த மண்ணை நம்பிப் பிழைக்கிறவங்களையும் கணக்கெடுக்கணும். காடும் வேணும், அவங்க கூலியும் வேணும்.

அடுத்த தடவை யாராவது "காடா, ஜனங்களா?"ன்னு கேட்டா, "எந்த ஜனங்க?"ன்னு திருப்பிக் கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!