பால் வழியே வந்த வினை

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் 1951 முதல் 1992 வரை 928 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த லாஸ் வேகாஸில், காளான் மேகத்தை ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள்!

அந்த நகரத்துப் பக்கம் காற்று அடிக்காத நாளாகப் பார்த்துத்தான் வெடித்தார்கள். காற்று கிழக்கே போனது. அங்கே யூட்டா மாநிலத்து ஊர்களும் பண்ணைகளும் இருந்தன. கதிரியக்க அயோடின் புல்லில் படிந்தது. மாடு மேய்ந்தது. பாலில் இறங்கியது. குடித்த குழந்தைகளின் தைராய்டு சுரப்பியில் போய்த் தங்கியது.

1963-க்குப் பிறகு பூமிக்கடியில் வெடித்தார்கள். இப்போது அங்கே நிலத்தடி நீரிலும் கதிரியக்கம்.

பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் 1990-இல்தான் வந்தது. அதற்குள் அன்றைய குழந்தைகள் நாற்பதைத் தொட்டிருந்தார்கள்.