கல் வந்த வழி

திருவண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு



தன் மாணவர்களுக்குக் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொடுத்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் பொழிவு இது. எகிப்தியரின் பெருஞ்சிலைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் நைல் நதிக்கரைக்கு வந்தவாசி வழியாகப் போகலாம் என்று இருக்கிறேன்.

2018 டிசம்பரில், வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டியெடுத்த ஒரே கல் ஒன்று பெங்களூரு ஈஜிபுராவுக்குப் புறப்பட்டது. அங்கே எழவிருந்த விஸ்வரூபப் பெருமாள் சிலைக்கான கல் அது. நீளம் 64 அடி. எடை ஏறத்தாழ 350 டன். ஏற்றிய லாரிக்கு 240 சக்கரங்கள். தொடக்கத்திலேயே டயர்கள் வெடித்தன. ஊர்களுக்குள் சாலை போதாமல் சில வீடுகளின் முகப்பு போயிற்று. திண்டிவனம், செஞ்சி தாண்டி நம் ஊர்ப்பக்கம் வருவதற்குள் புத்தாண்டு பிறந்துவிட்டது. பாலங்கள் இந்தப் பாரத்தைத் தாங்காது என்பதால் ஒசூர் அருகே தென்பெண்ணையாற்றுக்குள்ளேயே மண்பாதை போட்டார்கள். பெங்களூரு போய்ச் சேர்ந்தது 2019 ஜூனில். காரில் போனால் ஒரு பொழுதில் முடிகிற தூரம் ஆறு மாதம் பிடித்தது.

செங்கம் சாலையில் நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். கல்லில் முகமும் சில பகுதிகளும்தான் செதுக்கப்பட்டிருந்தன. கண் திறக்கவில்லை, பிரதிஷ்டை ஆகவில்லை. ஆகம விதிப்படி அது இன்னும் கல்தான். ஆனாலும் கற்பூரம் ஏற்றினார்கள், தேங்காய் உடைத்தார்கள், லாரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வழிதான் அந்தக் கல்லைச் சாமி ஆக்கியது என்று எனக்குத் தோன்றியது. பெருஞ்சிலையின் கதையில் பாதி அது வந்த வழியில் இருக்கிறது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

சுவரில் ஒரு சிலை நகர்கிறது

எகிப்தியர் இதை அறிந்திருந்தார்கள். சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முன் ஜெஹூதிஹோதெப் என்ற மாகாணத் தலைவர் தமக்கு ஒரு பெருஞ்சிலை செய்வித்தார். ஹட்நூப் குவாரிக் கல். உயரம் 13 முழம், நம் கணக்கில் ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிலை இன்று இல்லை. ஆனால் டெய்ர் எல்-பெர்ஷாவில் உள்ள அவருடைய கல்லறைச் சுவரில் அதை இழுத்துவந்த காட்சி தீட்டப்பட்டிருந்தது. நான்கு வரிசையில் 172 பேர் வடம் பிடிக்கிறார்கள். சிலையின் முழங்கால்மேல் ஒருவன் நின்று கைதட்டித் தாளம் கொடுக்கிறான். தேர் வடம் பிடித்த நம் ஊர்க்காரருக்கு அவன் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

சறுக்குப் பலகையின் முன்னால் ஒருவன் தரையில் நீர் ஊற்றுகிறான். நெடுங்காலம் இதைச் சடங்கு என்றே பலர் எண்ணினார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மணலை அளவாக நனைத்தால் இழுக்கும் விசை பாதியாகக் குறைகிறது. உலர்ந்த மணல் பலகைக்கு முன்னால் குவிந்து மறிக்கும். ஈரமணல் இறுகி வழிவிடும். இழுப்பவர்கள் எந்தப் பக்கத்து இளைஞர்கள், யார் போர்வீரர், யார் பூசகர் என்று வரிசைவாரியாகக் குறிப்பும் இருக்கிறது. தனிப்பெயர் இல்லை, அணியின் பெயராவது நின்றது.

கல்லிடம் போவதும் கல்லை வரவழைப்பதும்

பெருஞ்சிலைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிற்பி கல்லிடம் போவது. அபு சிம்பெலில் இரண்டாம் ராம்சேஸ் மலையையே குடைந்து இருபது மீட்டர் உயரத்தில் நான்கு முறை அமர்ந்திருக்கிறார். நம் மாவட்டத்தில் போளூரை அடுத்த திருமலையில் பதினாறடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நேமிநாதரும் பாறையில் பிறந்தவரே.

மற்றொன்று, கல்லை வரவழைப்பது. தீப்ஸில் ராம்சேஸின் நினைவுக் கோயிலில் உடைந்து கிடக்கும் அவருடைய சிலை ஏறத்தாழ ஆயிரம் டன். அஸ்வான் கருங்கல் அது. அதே அஸ்வானில் 42 மீட்டர் நீளத் தூண் ஒன்று விரிசல் விட்டதால் குவாரியிலேயே கைவிடப்பட்டது. இரும்பு உளி இல்லாத காலம்; டோலரைட் என்னும் கடுங்கல் உருண்டைகளால் இடித்து இடித்தே அதைப் பிரித்திருக்கிறார்கள். இடித்த பள்ளங்கள் இன்றும் தெரிகின்றன. முடிந்த சிலையில் அரசனைப் பார்க்கிறோம். முடியாத இந்தக் கல்லில்தான் வேலைக்காரனைப் பார்க்கிறோம்.

2006 ஆகஸ்டில் கெய்ரோ ரயில் நிலையச் சதுக்கத்திலிருந்து ராம்சேஸின் 83 டன் சிலையை, புகைக்கும் அதிர்வுக்கும் தப்புவிக்க, கீசாவுக்குக் கொண்டுபோனார்கள். இரவு முழுக்க மக்கள் தெருவோரம் காத்து நின்றார்கள். அந்தக் கூட்டத்தைப் படத்தில் பார்த்தபோது எனக்குச் செங்கம் சாலைதான் நினைவுக்கு வந்தது.

நீர்ப்படை

தமிழ் மரபு இந்த வழிக்கு இலக்கணமே வகுத்தது. நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் படிப்படியாகப் பிரிக்கிறது. கல்லைத் தேர்வது காட்சி, எடுக்கத் தொடங்குவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை. நடுவதும் வாழ்த்துவதும் அதற்குப் பிறகுதான். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் இமயத்தில் எடுத்த கல்லைக் கங்கையில் நீராட்டி வஞ்சிக்குக் கொண்டுவருகிறான். சுமந்தவர்கள் கனகனும் விசயனும். கல் சுமந்தவர் பெயர் நம் இலக்கியத்தில் நிலைத்த அரிய இடம் அது. அவர்கள் அரசர்கள், அதனால் நிலைத்தது.

யார் பெயர்?

நம் ராஜகோபுரம் 217 அடி, 11 நிலை. கிருஷ்ணதேவராயர் தொடங்கினார், செவ்வப்ப நாயக்கர் முடித்தார் என்று ஊரே சொல்லும். அடிப்பகுதியின் கருங்கல்லை இழுத்தவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனால் இதே மாவட்டத்தில் வேறொரு வழக்கமும் இருந்தது. தண்டராம்பட்டு வட்டத்து மோட்டூரில், கல்வட்டங்களுக்கு நடுவே, தோள் வளைவு மட்டும் காட்டும் பெருங்கற்காலப் பலகைக்கல் நிற்கிறது. அதற்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. பல நூற்றாண்டு கழித்து, மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எடுத்தனூரில் ஒரு நடுகல் எழுந்தது. ஆளுயரம்கூடத் தேவைப்படவில்லை. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயையும் செதுக்கினார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதன் செயலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ராம்சேஸ் தமக்கு முந்தைய மன்னர்களின் சிலைகளிலும் தம் பெயரை வெட்டிக்கொண்டவர். இங்கே ஓர் ஊர் தன் கல்லில் ஒரு நாய்க்கு இடம் விட்டது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். கொரக்கோட்டையில் உளி பிடித்தவர்கள், டயர் மாற்றியவர்கள், மின்கம்பியைத் தூக்கிப் பிடித்தவர்கள், ஆற்றில் மண் கொட்டியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் கைப்பேசியில் ஒலிப்பதிவு இருக்கிறது. கொரக்கோட்டையிலிருந்து செங்கம்வரை ஊர் ஊராகப் போங்கள்; அவர்கள் சொல்வதைப் பெயரோடு எழுதிக்கொண்டு வாருங்கள். எடுத்தனூரில் ஒரு நாய்க்குக் கிடைத்த ஒரு வரி, அந்த லாரியை ஓட்டியவருக்கும் கிடைக்கட்டும்.