ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஆபீஸ்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் எலெக்ட்ரிகல்காரன். 'உலகமயமும் எல்லை தாண்டிய குற்றமும்' என்று செயலாளர் தலைப்புக் கொடுத்ததும், "சார், ஒரு வக்கீலைக் கூப்பிடுங்களேன்" என்றேன். "உனக்கு வந்த போனைப் பற்றிப் பேசு, போதும்" என்றார்.

அது 2022 செப்டம்பர். நம் கல்லூரியில் படித்த தம்பி ஒருவன் பேசினான். "அண்ணே, தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலை. டிக்கெட்டும் அவங்களே போடறாங்க. முதல்ல டூரிஸ்ட் விசா, அப்புறம் மாத்திக் கொடுப்பாங்களாம். போகலாமா?" எனக்கு ஆபீசில் அவசரம். "போய்த்தான் பாரேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த மாதம் 24ஆம் தேதி வெளியுறவுத் துறை அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. சமூக வலைதள விளம்பரம், துபாயிலும் இந்தியாவிலும் ஏஜெண்டுகள், குறி வைப்பது கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களை. தம்பி சொன்னது அப்படியே அதில் இருந்தது! பதறிப்போய்க் கூப்பிட்டேன். நல்லவேளை, ஊரில்தான் இருந்தான். அதே ஏஜெண்டிடம் பேசிய அவன் நண்பன் போயிருந்தான்.

எங்கே போனான்? பாங்காக்கிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் காரில் மே சோட். அங்கே மோய் ஆறு. அக்கரை மியான்மரின் மியாவாடி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, துப்பாக்கிக் காவலோடு ஓர் 'ஆபீஸ்'. வேலை என்ன தெரியுமா? பெண் பெயரில் யாரோ ஒரு தனிமனிதரிடம் மாதக்கணக்கில் பழகி, போலி கிரிப்டோ முதலீட்டில் அவர் சேமிப்பைப் போட வைப்பது. டார்கெட் முடியாவிட்டால் அடி. இப்படி மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் சிக்கியிருக்கலாம் என்று 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது.

இப்போது வழக்கை யோசியுங்கள். ஏஜெண்ட் துபாயில். முதலாளிகள் பெரும்பாலும் சீனக் கும்பல்கள். இடமோ, 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அரசாங்கத்தின் கை எட்டாமல், ஆயுதக் குழுக்களின் பிடியில். ஏமாந்தவர் அமெரிக்காவில். பையனின் அம்மா புகார் கொடுப்பது நம்மூர் ஸ்டேஷனில். அந்த எஸ்.ஐ. என்ன செய்வார், பாவம்? எல்லை தாண்டிய குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 2000இலேயே வந்துவிட்டது, இந்தியாவும் 2011இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் உடன்படிக்கை என்பது ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் கடிதம் எழுதும் வழி. கடிதத்தை வாங்க அந்தப் பக்கம் ஆள் வேண்டுமே!

கடைசியில் என் துறைக்கே வந்தது விஷயம். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து எல்லையோர ஊர்களுக்குக் கொடுத்துவந்த மின்சாரத்தை நிறுத்தியது. சீனாவின் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். மார்ச்சில் நம் விமானப்படை விமானங்களில் திரும்பியவர்கள் 549 பேர். ஆனால் ஃபீடரை ஆஃப் செய்தால் ஜெனரேட்டர் ஓடும், கேபிளை வெட்டினால் கூரையில் சாட்டிலைட் டிஷ் முளைக்கும். முளைத்தது.

இன்னொன்று எனக்கு உறுத்துகிறது. பத்தாவது தேறாத கொத்தனார் வேலைக்காகத் தாய்லாந்து போக வேண்டுமானால் குடியகல்வு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அங்கே ஒப்பந்தத்தை ஒருவர் பார்ப்பார். நமக்கு டிகிரி இருப்பதால் அந்தச் சோதனை கிடையாது. படித்தவனுக்கு விவரம் தெரியும் என்று சட்டம் நம்பியது. நானே "போய்ப் பாரேன்" என்றவன்தானே!

போன பையன் ஐந்து மாதம் கழித்து வந்தான். "என்னாலயும் ரெண்டு பேர் ஏமாந்தாங்கண்ணே" என்றான் ஒருநாள். அவன் குற்றவாளியா, பாதிக்கப்பட்டவனா? கடத்தப்பட்டவரை, கட்டாயத்தால் செய்த செயலுக்குத் தண்டிக்கக் கூடாது என்பது சர்வதேச அளவில் பேசப்படும் நெறி. அவன் தூக்கத்தில் அது உதவுகிறதா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

தம்பிகளே, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகும் சந்தேகமா, என் நம்பர் செயலாளரிடம் இருக்கிறது. ஆஃபர் லெட்டரை அனுப்புங்கள். ராத்திரி பதினொன்று ஆனாலும் படித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.